விழித்திரை பதில் சொல்லும் நேரம்

கண் மருத்துவமனைக்குப் போனால் முதலில் நிறுத்துவது எழுத்துப் பலகைக்கு முன்னால்தான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும். கடைசி வரிகள் வரை தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால் சீட்டில் 6/6 என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலான கண் கோளாறுகளுக்கு இந்தக் கணக்கு போதும். கண்ணின் உட்படலங்களில் அழற்சி வந்து தங்கிவிடும் சில நோய்களில் போதாது.

பேர்ட்ஷாட் என்று ஒரு நோய். ஐம்பது வயதை ஒட்டியவர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு வருவது. இரண்டு கண்களையும் பிடிக்கும். வலி இருக்காது, கண் சிவக்காது. பலகையில் கடைசி வரியையும் வாசித்துவிடுவார்கள். கூடவே சில குறைகளைச் சொல்வார்கள்: அந்தி சாய்ந்தால் தடுமாறுகிறது, வெளிச்சம் கூசுகிறது, நிறங்கள் வெளுத்துத் தெரிகின்றன, பார்வையின் ஓரத்தில் என்னவோ மினுமினுத்துக்கொண்டே இருக்கிறது. சீட்டைப் பார்க்கும் மருத்துவருக்கு அங்கே 6/6 என்றுதான் தெரியும். இரண்டுமே உண்மை. எழுத்துப் பலகை சோதிப்பது விழித்திரையின் நட்டநடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள குழியை மட்டும். மற்ற இடம் முழுவதும் நலிந்துகொண்டே போனாலும் அந்தக் குழி பிழைத்திருக்கும்வரை எழுத்து தெரியும்.

மீதி விழித்திரையை எப்படிக் கேட்பது? நோயாளியின் வாயை நம்பாமல், மருத்துவரின் கண்ணையும் நம்பாமல், விழித்திரையிடமே நேராகக் கேட்கும் சோதனை ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரோரெட்டினோகிராம், சுருக்கமாக இ.ஆர்.ஜி. இதயத்துக்கு இ.சி.ஜி. போல விழித்திரைக்கு இது. அழற்சி நோய்களில் இன்று மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் இதைப் பார்க்கிறார்கள். அந்த நிலைக்கு வந்து சேர இதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் கண் மருத்துவர்களும் இல்லை.

1849இல் பெர்லினில் எமில் துபுவா-ரேமோன் என்ற உடலியல் அறிஞர் டென்ச் என்ற நன்னீர் மீனின் கண்ணை எடுத்து, முன்பக்கக் கருவிழியில் ஒரு மின்முனையும் பின்பக்கத்தில் இன்னொன்றும் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே நிலையான மின்னழுத்த வேறுபாடு இருந்தது. முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். கண் சும்மா இருக்கும்போதே ஒரு மின்கலம் என்பது அன்று தெரிந்தது. தசையிலும் நரம்பிலும் மின்சாரம் ஓடுவதைக் காட்டுவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. கண் அதில் ஒரு சிறு கிளை.

அவருடைய நண்பர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இருவரும் யோஹானஸ் முல்லரின் மாணவர்கள். அடுத்த ஆண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இரண்டு காரியங்களைச் செய்தார். தவளையின் நரம்பில் செய்தி போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரில் பார்க்க உதவும் ஆஃப்தால்மாஸ்கோப் கருவியையும் செய்தார். கண் மருத்துவர்கள் அந்தக் கருவியை ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள். பார்க்க முடிந்த பிறகு வேறென்ன வேண்டும் என்ற எண்ணம் அந்தத் துறையில் வெகுகாலம் நீடித்தது. மீன் கண்ணின் மின்சாரமும் நரம்பு எடுத்துக்கொண்ட நேரமும் சோதனைக்கூடத்திலேயே கிடந்தன. ஒரே நட்பு வட்டத்தில், இரண்டு வருட இடைவெளிக்குள் பிறந்த இந்த மூன்றும் ஒரே நோயாளிக்காக ஒன்றுசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் பாதிக்கும் விஷயம்.

துபுவா-ரேமோனிடம் பெர்லினில் பயின்றவர்களில் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த ஃப்ரித்தியோஃப் ஹோல்ம்கிரன். உப்சாலா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் பேராசிரியரானதும் அவர் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். நரம்பு வேலை செய்யும் கணத்தில் அதன் ஓய்வுநிலை மின்சாரம் மாறுகிறது என்பது குரு காட்டிக் கொடுத்தது. ஒளி பட்டால் கண் வேலை செய்கிறது. அப்படியானால் அந்தக் கணத்தில் கண்ணின் மின்சாரமும் மாறத்தானே வேண்டும்? தவளைக் கண்ணை இருட்டில் வைத்து, மின்முனைகளைப் பொருத்தி, ஒளியைத் திறந்துவிட்டார். கால்வனோமீட்டரின் முள் அசைந்தது. ஒளியை மூடினார். மறுபடியும் அசைந்தது. வெளிச்சம் வந்ததையும் போனதையும் கண் தனித்தனியாகச் சொன்னது.

1865இல் உப்சாலா மருத்துவர் சங்கத்தின் இதழில், சுவீடிஷ் மொழியில் அதை வெளியிட்டார். வெளியுலகம் கவனிக்கவில்லை. ஹோல்ம்கிரன் பெயர் பரவியது வேறொரு காரணத்தால். 1875இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஊழியருக்கு நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று அவர் கருதினார். நிறநிறமான கம்பளி நூல் கட்டுகளைக் கொடுத்து, ஒரே சாயலில் உள்ளவற்றைப் பிரித்தெடுக்கச் சொல்லும் சோதனையை ரயில்வே ஊழியர்களுக்காக உண்டாக்கினார். அது உலகமெங்கும் போயிற்று. தவளைக் கண் காட்டிய அசைவு போகவில்லை.

அதனால்தான் 1873இல் எடின்பரோவில் ஜேம்ஸ் டூவரும் ஜான் மெக்கென்ட்ரிக்கும் அதே விஷயத்தை மறுபடி கண்டுபிடித்தார்கள், ஹோல்ம்கிரனின் கட்டுரை தெரியாமலே. டூவர் வேதியியல்காரர், நாம் வெந்நீர் ஊற்றிவைக்கும் தெர்மாஸ் குடுவைக்கு மூலமான வெற்றிடக் குடுவையைப் பிற்பாடு செய்தவர் இவரே. மனிதக் கண்ணிலிருந்து இந்த மின்சைகையை முதலில் எடுத்தவரும் இவர்தான், 1877இல். எடுத்த விதத்தைப் படித்தால் அந்த நாளின் பொறுமை புரியும். ஆளைப் படுக்கவைத்துத் தலையை அசையாமல் பிடித்து, கண்ணைச் சுற்றிக் களிமண்ணாலோ பாரஃபினாலோ ஒரு சிறு தொட்டி கட்டி, அதில் நீர்த்த உப்புநீரை விட்டு, மின்முனையை அந்த நீரில் இறக்கினார். மற்ற மின்முனைக்காக அந்த ஆள் தன் கையை இன்னொரு உப்புநீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருக்க வேண்டும். இமைத்தாலும் கெட்டது, விழி புரண்டாலும் கெட்டது. இப்படி ஒருவரைப் படுக்கவைத்துச் சோதிக்கலாம். வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களைச் சோதிக்க முடியாது.

அசைவு இருக்கிறது என்று தெரிந்தபின் அதன் வடிவம் வேண்டியிருந்தது. பழைய கால்வனோமீட்டர்களின் வேகம் அதற்குப் போதவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் இதயத்துக்காகச் செய்த கம்பி கால்வனோமீட்டர் வந்த பிறகே கண்ணின் அலை முழுசாகத் தெரிந்தது. 1908இல் அவரும் வில்லியம் ஜாலியும் அந்த அலையை மூன்று நிகழ்ச்சிகளின் கூட்டாகப் பிரித்து ஏ, பி, சி என்று பெயரிட்டார்கள். முதலில் கீழ்நோக்கி ஒரு சின்ன இறக்கம், உடனே மேல்நோக்கி ஒரு பெரிய ஏற்றம், பிறகு மெதுவாக எழும் ஒரு நீண்ட மேடு. இன்றைக்கும் அறிக்கையில் ‘ஏ அலை’, ‘பி அலை’ என்றுதான் எழுதுகிறார்கள்.

எந்த அலை எங்கிருந்து வருகிறது என்று அடுத்து விடுவித்தவர் பின்லாந்தில் பிறந்த ராக்னர் கிரானிட். 1933இல் ஆக்ஸ்ஃபோர்டில் பூனையின் கண்ணில் மின்முனை வைத்துக்கொண்டு ஈதர் மயக்கத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். அலையின் பகுதிகள் எல்லாம் ஒன்றாக மறையாமல் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அவை வெவ்வேறு இடத்துச் செல்களின் வேலை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. பின்னால் வந்தவர்கள் நுண்மின்முனைகளை விழித்திரைக்குள்ளேயே செலுத்தி முகவரிகளை உறுதிசெய்தார்கள். ஏ அலை, ஒளியை வாங்கும் குச்சிச் செல்களும் கூம்புச் செல்களும் போடும் முதல் சத்தம். பி அலை, அவற்றிடமிருந்து செய்தியை வாங்கும் அடுத்த வரிசை இருமுனைச் செல்களால் எழுவது. கிரானிட்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது, ஹார்ட்லைன், வால்ட் இருவரோடும் பகிர்ந்து. இருமுனைச் செல், கூம்புச் செல் என்ற இந்த முகவரிக் கணக்கு கண் அழற்சி மருத்துவத்துக்கு நேராக உதவப்போகிறது என்பது பூனையோடு மல்லுக்கட்டிய காலத்தில் யாருக்கும் மனதில் இருந்திருக்காது.

கருவி நோயாளியிடம் வந்தது ஒரு கான்டாக்ட் லென்ஸ் வழியாக. 1941இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் லோரின் ரிக்ஸ் என்ற உளவியல் அறிஞர் வெள்ளி மின்முனையைக் கான்டாக்ட் லென்ஸுக்குள்ளேயே பதித்து அதைக் கண்ணில் மாட்டினார். விழி புரண்டால் லென்ஸும் கூடவே புரளும். மின்முனை இடம் மாறாது. மனித விழித்திரையின் மின்சைகையை விட்டுவிடாமல் எடுக்கலாம், மறுபடி எடுத்தால் அதே அலை வரும் என்பதுதான் அவர் கட்டுரையின் சாரம். டூவரின் களிமண் தொட்டியால் முடியாதது இதுவே. இன்றைக்கு எடுத்ததையும் ஆறு மாதம் கழித்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தால்தான் அது மருத்துவத்துக்கு ஆகும்.

போர் முடியும் வேளையில், 1945இல், ஸ்டாக்ஹோமில் கோஸ்டா கார்பெ என்ற கண் மருத்துவர் நல்ல கண்ணுள்ளவர்களையும் நோயாளிகளையும் இந்த முறையில் சோதித்து ஒரு நூலாகவே வெளியிட்டார். பரம்பரையாக வரும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயில் அலை அடியோடு அணைந்துபோயிருந்தது. பட்டறைகளில் கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு பாய்ந்து துருவேறும் நிலையிலும் அலை எப்படி மாறுகிறது என்று பின்னால் காட்டினார். இ.ஆர்.ஜி. மருத்துவமனைச் சோதனை ஆனது அந்த நூலிலிருந்துதான்.

ஆனாலும் அடுத்த சில பத்தாண்டுகள் இது பெரும்பாலும் ஒரு முத்திரை குத்தும் வேலையாகவே இருந்தது. அலை இருக்கிறதா, இல்லையா? உயரம் சரியா, குறைவா? பரம்பரை நோய் என்று முடிவுசெய்து, குடும்பத்தாருக்குச் சொல்லி, கோப்பை மூடிவிடுவார்கள். அன்றைக்கு அந்த நோய்களுக்குக் கொடுக்க மருந்தும் இல்லை. ஒருமுறை எடுத்தால் போதும் என்று இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் பார்வையில் இந்தக் கதையின் திருப்புமுனை அலையின் உயரத்தை விட்டு அதன் நேரத்தைப் பார்க்கத் தொடங்கிய இடம். 1951இல் எபர்ஹார்ட் டோட், வேகமாக விட்டுவிட்டு அடிக்கும் ஒளியைப் பயன்படுத்தினால் கூம்புச் செல்களின் பதிலைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார். குச்சிச் செல்கள் மங்கிய வெளிச்சத்துக்கு உரியவை, மெதுவானவை. நொடிக்கு முப்பது முறை ஒளி துடித்தால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புச் செல்கள் மட்டும் துடிப்புக்குத் துடிப்பு பதில் சொல்லும். அந்த முப்பது ஹெர்ட்ஸ் துடிப்பொளிதான் பின்னால் அழற்சி நோய்களின் முக்கியச் சாட்சி ஆயிற்று.

1969இல் எலியட் பெர்சன், பீட்டர் கூராஸ், எம். ஹாஃப் மூவரும் ஒளி பட்டதிலிருந்து அலை உச்சிக்குப் போக எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பரம்பரை விழித்திரை நோய்களில் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகிறவை இருக்கின்றன. பிறவியிலிருந்து அப்படியே நின்றுவிடுகிறவையும் இருக்கின்றன. உயரம் இரண்டிலும் குறையலாம். முற்றுகிற நோயில் அலை தாமதமாக வந்தது. நின்றுவிட்ட நோயில் நேரத்துக்கு வந்தது.

ஏன் என்பதற்கு இப்படிச் சொல்லலாம். வகுப்பில் வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிறார். பாதிப் பேர் வரவில்லையென்றால் ‘உள்ளேன் ஐயா’ என்ற மொத்தச் சத்தம் குறையும். வந்தவர்கள் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் வந்திருந்து, பலருக்குக் காய்ச்சல் என்றால் சத்தம் ஓரளவு இருக்கும், பதில் இழுத்து இழுத்து வரும். செத்த செல் உயரத்தைக் குறைக்கிறது. நலிந்த செல் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. நலிந்தது தேறலாம். தேற வழியிருக்கும் நோய் எது? அழற்சி.

அழற்சியில் விழித்திரையின் வேலை கெட்டு, மறுபடி திரும்பி வரும் என்பதற்கு அழகான சான்று 1984இல் கிடைத்தது. லீ ஜாம்போலும் கூட்டாளிகளும் அந்த ஆண்டு ஒரு புதிய நோயை விவரித்தார்கள். சுருக்கப் பெயர் மியூட்ஸ். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும், சளி காய்ச்சல் போல ஒன்று வந்துபோன பிறகு திடீரெனப் பார்வை மங்கும். விழித்திரையின் ஆழத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். சில வாரங்களில் தானாகவே எல்லாம் மறையும். அந்த நோயாளிகளின் இ.ஆர்.ஜி.யைப் பால் சீவிங்கும் மற்றவர்களும் எடுத்து அதே ஆண்டு கூடவே வெளியிட்டார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது ஏ அலை தாழ்ந்திருந்தது. குணமானதும் அலையும் திரும்பி எழுந்தது. கார்பெயின் நோயாளிகளிடம் அணைந்த அலை அணைந்தே கிடந்தது. இங்கே அது ஏறி இறங்கிற்று. மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பதற்கு முதன்முறையாகப் பொருள் உண்டாயிற்று.

பேர்ட்ஷாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டீஃபன் ரயனும் எட்வர்ட் மாமனீயும். 1980இல் 13 நோயாளிகளை வைத்து எழுதினார்கள். பறவை சுடும் துப்பாக்கியின் ரவைகள் சிதறிப் பட்டதுபோல விழித்திரைக்கு அடியில் வெளிறிய புள்ளிகள் பரவியிருந்தன. இரண்டு ஆண்டில் ராபர்ட் நுசன்பிளாட்டும் கூட்டாளிகளும் இந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் எச்.எல்.ஏ.-ஏ29 என்ற மரபணு அடையாளம் இருப்பதைக் கண்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கு அந்த அடையாளம் உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அணி சொந்தக் கண்ணின் ரத்தநாளப் படலத்தின் மேலேயே பாய்கிறது என்பதுவரை தெரியும்.

நோய் மெதுவாக, பத்து இருபது ஆண்டுகளுக்கு நீளும். ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மற்ற மருந்துகள் எல்லாம் உண்டு. சிக்கல் மருந்தில் இல்லை. எப்போது கொடுப்பது, எவ்வளவு, எப்போது குறைப்பது? இந்த மருந்துகள் சும்மா விடுபவை இல்லை: ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டுவரும், மற்றவை சிறுநீரகத்தையோ கல்லீரலையோ ரத்த அணுக்களையோ தொடும். பார்வை 6/6 இருக்கும் ஒருவரிடம் இவ்வளவையும் விழுங்கச் சொல்ல மருத்துவருக்குக் கையில் ஓர் ஆதாரம் வேண்டும். எழுத்துப் பலகை கொடுக்காது. புள்ளிகளின் எண்ணிக்கையும் கொடுக்காது. நோய் அடங்கினாலும் புள்ளிகள் போவதில்லை, சில நேரம் கூடவும் செய்யும். கண்ணுக்குள் மிதக்கும் அழற்சிச் செல்களும் நம்பும்படி இராது. விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும்போதே அவை ஓய்ந்திருப்பதுண்டு.

இந்த இடத்தில்தான் முப்பது ஹெர்ட்ஸ் துடிப்பொளி உள்ளே வந்தது. பேர்ட்ஷாட் நோயாளிகளைத் தொடர்ந்து சோதித்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றே: மற்ற அளவுகள் சரியாக இருக்கும்போதே கூம்புச் செல்களின் துடிப்புப் பதில் தாமதமாகிவிடுகிறது. நல்ல கண்ணில் ஒளித்துடிப்புக்குப் பின் 25 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் உச்சி வரும். அது சில மில்லிசெகண்டு தள்ளிப் போகிறது. நாம் ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத இடைவெளி. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் கிரஹாம் ஹோல்டர், ஆன்டனி ராப்சன், கார்லோஸ் பவேசியோ, எலிசபெத் கிரஹாம் நால்வரும் 2005இல் வெளியிட்ட கட்டுரை இதை நேராக மருந்தோடு சேர்த்தது. பார்வை நன்றாக இருக்கும் நோயாளியிடமும் இ.ஆர்.ஜி. கெட்டிருக்கலாம், மருந்து கொடுத்தால் அது மேம்படும், ஆகவே சிகிச்சையை நடத்த இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மேம்படும் என்ற அந்தச் சேதி எவ்வளவு பெரியது என்பதை, நாளுக்கு நாள் இருட்டிக்கொண்டு போகும் கண்ணோடு “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று கேட்டு வீடு திரும்பியவர்கள்தான் சொல்ல முடியும்.

பேர்ட்ஷாட் நம் நாட்டில் மிக அரிது. இங்கே யுவைட்டிஸ் என்ற கண் உள்ளழற்சிக்கான பிரிவுகளில் அடிக்கடி பார்ப்பது வேறு அழற்சிகள்: காசநோயோடு தொடர்புள்ளவை, அப்புறம் வி.கே.எச். என்ற வோக்ட்-கோயனாகி-ஹராடா நோய். வி.கே.எச்.சில் உடல் தன் சொந்த நிறமிச் செல்களையே தாக்கும்; தலைவலியும் காதிரைச்சலும் வரும், இரண்டு கண்ணிலும் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு கொடுத்தால் நீர் வற்றும், எழுத்து தெரியும். விழித்திரை முழுவதும் தேறிவிட்டதா என்பது அதோடு முடிகிற கேள்வி இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் நிறுவனத்தில் எரிக் சட்டர் 1990களின் தொடக்கத்தில் உண்டாக்கிய மல்டிஃபோகல் இ.ஆர்.ஜி., விழித்திரையின் நடுப்பகுதியைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் பதிலையும் ஒரே நேரத்தில் எடுக்கும். வி.கே.எச்.சில் நீர் வற்றிய பிறகும் அந்தக் கட்டங்களில் பதில் குன்றியிருப்பதை அது காட்டுவதுண்டு.

சோதனை அறை எப்படியிருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன்; சீட்டில் இ.ஆர்.ஜி. என்று எழுதித் தந்ததும் பயந்துபோகிறவர்கள் பலர். வலிக்கும் சோதனை இல்லை. முதலில் சொட்டுமருந்து விட்டுக் கண்பாவையை விரிப்பார்கள். பிறகு இருபது நிமிடம் கும்மிருட்டில் உட்கார வேண்டும்; குச்சிச் செல்கள் முழுசாக விழித்துக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த இருட்டிலேயே, மங்கிய சிவப்பு விளக்கில், நுட்பனர் வேலை செய்வார். தலைமுடியைவிட மெல்லிய, வெள்ளி பூசிய நூலிழை ஒன்றைக் கீழிமையின் ஓரமாக, கண்ணீர் தேங்கும் இடத்தில், மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் வரை படியவைத்து இரண்டு முனையிலும் ஒட்டுவார். சில இடங்களில் இன்னமும் கான்டாக்ட் லென்ஸ் மின்முனைதான். பொட்டிலும் நெற்றியிலும் ஒவ்வொரு மின்முனை. முகத்தை ஓர் அரைக்கோளக் கிண்ணத்துக்குள் வைத்ததும், கண் திரும்பும் பக்கமெல்லாம் ஒரே வெள்ளை. “நேரே அந்தச் சிவப்புப் புள்ளியையே பாருங்கம்மா. பல்லைக் கடிக்காதீங்க. இப்ப இமைக்காதீங்க… ம், இப்ப இமைச்சுக்கலாம்.” மினுக்கென்று ஒரு மங்கிய ஒளி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, பிறகு பளீரென்று ஒன்று. அப்புறம் கிண்ணத்துக்குள் வெளிச்சம் போட்டுப் பத்து நிமிடம் பழக்கி, நொடிக்கு முப்பது முறை துடிக்கும் ஒளி. கண்ணுக்குள் இரைவதுபோல இருக்கும். திரையில் ஒரே சீராக மேடும் பள்ளமுமாக ஓடும் கோடு வரும். ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் அந்த மேடு. பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரமே அதை விழுங்கிவிடும்.

இந்த வரிசை, இந்த நிமிடக் கணக்கு, ஒளியின் அளவு எல்லாம் சர்வதேச மின்னுடலியல் சங்கமான இஸ்கெவ் வகுத்தது. முதல் தரநிலை 1989இல் வந்தது. அதன்பின் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். லண்டனில் எடுத்ததைச் சென்னையிலும் புரிந்துகொள்ள அதனால்தான் முடிகிறது. ஆனாலும் கருவிக்குக் கருவி, மின்முனைக்கு மின்முனை, வயதுக்கு வயது எண்கள் மாறும். ஒவ்வொரு ஆய்வகமும் நல்ல கண்ணுள்ளவர்களைச் சோதித்துத் தனக்கென்று ஓர் இயல்பு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து தொடங்கும் முன் எடுத்த அலை இல்லாமல், இடையில் எடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது குறைவு. யுவைட்டிஸுக்கு ஊர் மாறிச் சிகிச்சை பார்ப்பவர்கள் மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துப் போகாமல் இ.ஆர்.ஜி. அலைத்தாளையும் எடுத்துப்போவது நல்லது. முடிந்தால் அடுத்த சோதனையையும் அதே இடத்தில் செய்துகொள்வது இன்னும் நல்லது.

இப்போது கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. கீழிமைக்கு அடியில் தோலில் ஓர் ஒட்டு மின்முனை, சில நிமிடத்தில் துடிப்பொளிப் பதில். வெளிநோயாளிப் பிரிவிலேயே, குழந்தைகளுக்கும் எடுத்துவிடலாம். முழுச் சோதனைக்கு அது மாற்று ஆகாது. ஆனால் தாமதம் கூடுகிறதா குறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டிய ஒருவருக்கு, வருஷத்துக்கு ஒருமுறை இருட்டறையில் உட்காருவதைவிட இது கைக்கெட்டியது.

மருத்துவர்களிடையே இன்னும் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் பார்க்க அமைதியாக இருக்கிறது, ஸ்கேனில் வீக்கம் இல்லை, எழுத்தும் தெரிகிறது. துடிப்பொளியின் பதில் மட்டும் போன தடவையைவிடச் சில மில்லிசெகண்டு தள்ளி வந்திருக்கிறது. இந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டலாமா? சிலர் கூட்டுகிறார்கள். சிலர் மூன்று மாதம் பொறுத்து மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவேளை கண்பாவை சரியாக விரிந்திருக்காது, நூலிழை நகர்ந்திருக்கும், நோயாளி களைத்திருப்பார் என்று இரண்டாம் தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூட்டுகிறவர்களின் பக்கமே என் மனம் சாய்கிறது, மறுசோதனையை மூன்று மாதம் தள்ளிப்போடாமல் இரண்டு வாரத்துக்குள் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு. பேர்ட்ஷாட்டில் உயரம் ஒருமுறை குறைந்துவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வருவதில்லை. தாமதமோ இயல்புக்குத் திரும்பியிருக்கிறது.